நோயில் கிடக்கிறேன், துன்பத்தை விசுவாசத்தோடு தாங்கிய கிறிஸ்தவர் ஒருவரைச் சொல்ல முடியுமா?

"பைபிளில் வருகிறவர்கள் வேண்டாம், கிட்டத்து ஆளாக இருக்கட்டும்" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன். நானும் இதையே தேடியிருக்கிறேன், மல்லாக்கப் படுத்துக்கொண்டு.

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் எங்களுக்கு முதல் மாடி வீடு. இடுப்பில் டிஸ்க் விலகி, ஆபரேஷன் முடிந்து, அப்புறமும் நிமிர முடியாமல் மொத்தம் ஐந்து மாதம் கட்டிலில் கிடந்தேன். பார்க்க இருந்தது ஃபேன் ஒன்றுதான். அதன் மூன்று இறக்கைகளில் ஒன்றில் மட்டும் பெயிண்ட் உரிந்திருக்கும். கரண்ட் போகும்போதெல்லாம் அது ஜன்னல் பக்கம் நிற்குமா, பீரோ பக்கம் நிற்குமா என்று எனக்கு நானே பந்தயம் கட்டிக்கொள்வேன்.

சபையிலிருந்து வந்தார்கள், அன்பாகத்தான். ஆனால் பாதிப் பேர் பைபிளில் எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் முதலாம் அதிகாரத்தோடு வந்தார்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்." மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார், அந்தப் பக்கத்தை ஒருவரும் திருப்பவில்லை. ஒரு சகோதரி கிளம்பும்போது குனிந்து, "அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பாருங்கக்கா" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி முழுக்கக் கணக்குப் பார்த்தேன். காலேஜ் ஹாஸ்டலில் அறைத்தோழியின் ஊறுகாய் பாட்டிலைக் காலி பண்ணியது வரைக்கும் போய்விட்டேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் பெயர்கள் இரத்தசாட்சிகளுடையவை, விசுவாசத்துக்காக உயிரையே கொடுத்தவர்களுடையவை. நம்ம பக்கத்து தேவசகாயம் பிள்ளையையே எடுத்துக்கொள்ளுங்கள். நட்டாலத்தில் பிறந்தவர், 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், 1752-ல் ஆரல்வாய்மொழி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2022 மே மாதம் புனிதராக அறிவிக்கப்பட்டார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அவர் ஒரு வார்த்தை மறுதலித்திருந்தால் வேதனை நின்றிருக்கும், மறுதலிக்கவில்லை என்பதுதான் அவருடைய வீரம். என் டிஸ்கிடம் நான் எதை மறுதலிப்பது? நோய் நம்மிடம் கேள்வியே கேட்பதில்லை. அதனால் இரத்தசாட்சிகளின் கதை எனக்கு ஒட்டவில்லை.

ஒட்டியவர் எமி கார்மைக்கேல் என்ற மிஷனெரி அம்மா. அவரை எனக்குக் கொண்டுவந்தவர் எங்கள் தெருவில் மகனோடு இருந்த ஒரு பெரியம்மா. சொந்தமில்லை, திருநெல்வேலிக்காரர்கள் என்பதால் பெரியம்மா. பிறந்தது களக்காடு. அது டிசம்பர், அவரைக்காய் சீசன். ஊறவைத்த அவரைக்கொட்டையை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து என் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, பெருவிரலால் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை உரிப்பார். பருப்பு கிண்ணத்துக்கு, தோல் மடியில் விரித்த பேப்பருக்கு. ஜெபம் பண்ணட்டுமா என்றுகூடக் கேட்டதில்லை. ஒரு நாள் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எங்க ஊர்லதான் பிள்ள அந்த அம்மா குழியில விழுந்தது. எங்க அம்மா சொல்லுவா."

அப்புறம்தான் நான் தேடிப் படித்தேன்.

எமி 1867-ல் அயர்லாந்தில் பிறந்தவர். முதலில் ஜப்பானுக்கு ஊழியம் செய்யப் போய், உடம்புக்கு முடியாமல் திரும்பியவர். 1895 கடைசியில் இந்தியாவுக்கு வந்து தங்கியது எங்கே தெரியுமா? பெங்களூரில். வந்ததுமே டெங்கு காய்ச்சல். (இந்த ஊர் கொசுவுக்கு அப்போதே ஆள் பார்க்கத் தெரியாது.) அடுத்த வருடம் திருநெல்வேலிப் பக்கம் போனவர், கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளைக் காப்பாற்றி வளர்த்தார். டோனாவூரில் அது ஒரு பெரிய குடும்பமாகவே ஆயிற்று. ஒருமுறைகூட விடுமுறைக்கு ஊர் திரும்பவில்லை.

1931 அக்டோபரில், களக்காட்டில் மருந்தகத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு வீட்டைச் சாயங்கால இருட்டில் பார்க்கப் போனார். கழிப்பறைக்குத் தோண்டிய குழி இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. விழுந்தார். காலில் எலும்பு முறிவு, முதுகிலும் அடி. கொஞ்ச நாளில் எழுந்துவிடலாம் என்றுதான் எதிர்பார்த்தார்கள். எழவில்லை. 1948-ல் அறைக்குள்ளேயே இன்னொரு தடவை விழுந்தார். 1951 ஜனவரியில் இறந்தார். கூட்டிப் பாருங்கள், ஏறக்குறைய இருபது வருடம் ஒரே அறையில்.

என்னைப் பிடித்தது அந்த இருபது வருடக் கணக்கு இல்லை. படுத்த பிறகு அவர் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறார்: நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லி நல்ல உடம்புக்காரர்கள் எழுதுவது நோயாளிகளுக்கு எட்டுவதில்லை. அதனால் வலியில் இருக்கும்போதே, வலியில் இருக்கிறவர்களுக்குக் கடிதங்கள் எழுதினார். வலி தீர்ந்து எழுந்த பிறகு சாட்சி சொல்வது நம் சபைகளில் வழக்கம். "கடந்த வருஷம் இதே நாள் நான் கோமாவில் இருந்தேன், ஸ்தோத்திரம்!" நல்லதுதான். ஆனால் எழாதவர்களுக்கு மைக் கிடைப்பதில்லை. எமி எழாமலே பேசினார். அதைப் படித்த அன்றுதான் "நான் இன்னும் குணமாகவில்லையே, என் விசுவாசத்தில் ஓட்டை இருக்கிறதோ" என்ற ஊறுகாய் பாட்டில் விசாரணை என்னிடம் நின்றது.

அவரை அப்படியே தூக்கி வைத்துக் கும்பிடச் சொல்லவில்லை. கண்டிப்பானவர், அந்தக் காலத்து மிஷனெரிகளின் பார்வை அவரிடமும் உண்டு. சில பக்கங்கள் இன்றைக்கு உறுத்தும். அவருக்குச் சுற்றிலும் பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் இருந்தார்கள், நமக்கு இஎம்ஐ இருக்கிறது. படுத்தபடியே அவர் பத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார் என்று படித்தால் உங்களுக்குக் குற்ற உணர்ச்சி வரலாம். வந்தால் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடுங்கள். ஐந்து மாதத்தில் நான் எழுதியது பால்காரர் கணக்கு மட்டும்தான்.

உங்கள் நோய் என்ன, எத்தனை நாளாக என்று தெரியாது. வாழ்க்கை வரலாற்றில் தொடங்கவேண்டாம். தடிமனான புத்தகத்தைப் படுத்துக்கொண்டு பிடித்தால் மணிக்கட்டு போய்விடும், அனுபவம். எமியின் சின்னச் சின்னக் கடிதங்களில் தொடங்குங்கள். யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டாலும் சரி. பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்கொட்டை உரிக்கிறவர் யாராவது இருந்தால், அவரை விடாதீர்கள்.

நடக்க ஆரம்பித்து இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனபோது டோனாவூருக்கும் போனேன். அனுமதி கேட்டு உள்ளே போய்க் கல்லறையைப் பார்த்தேன். தனக்குக் கல் வைக்கவேண்டாம் என்று அவர் சொல்லியிருந்ததால், பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறார்கள். அதிகநேரம் நிற்க முடியவில்லை, இடுப்பு இழுத்தது. அங்கிருந்தே பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். கல்லறை, அறை என்று நான் அடுக்கிக்கொண்டே போக, அவர் கேட்டது ஒன்றுதான்.

"தொட்டியில தண்ணி கிடக்கா?"

கிடக்கு பெரியம்மா, ஒரு மைனா குளிச்சிட்டு இருக்கு என்றேன்.