போட்டியாளரை மட்டும் பார்த்தால் போதுமா?

கேள்வி: வீட்டு உபயோக மெஷின்களைப் பழுதுபார்க்கும் சர்வீஸ் சென்டர் நடத்துகிறேன். 12 பேர் வேலை பார்க்கிறார்கள். எதிலும் தாமதம், 'ரெடியா?' என்று ஓயாமல் போன் வருகிறது. இதே தொழிலில் பெரிதாக வளர்ந்த ஒரு நிறுவனத்தைப் பார்த்து, அவர்களுடைய சாஃப்ட்வேரையே வாங்கினேன். ஒன்றும் மாறவில்லை. மற்றவர்களிடம் எப்படித்தான் கற்றுக்கொள்வது?

பதில்: கற்றுக்கொள்ளும் ஆர்வத்தை விட்டுவிடாதீர்கள். ஆனால் அந்த சாஃப்ட்வேர் அவர்களுடைய ஏதோ ஒரு சிக்கலுக்கு வந்த தீர்வு. உங்கள் சிக்கல் என்ன? கடிதத்தில் தாமதம் என்று மட்டும்தான் இருக்கிறது.

முதலில் இரண்டு வாரம், வரும் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். எப்போது வந்தது, டெக்னீஷியன் எப்போது கையில் எடுத்தார், நடுவில் எதற்காகக் கிடந்தது, எப்போது முடிந்தது என்று அந்தந்த நேரத்தில் எழுதச் சொல்லுங்கள். வேலை நடந்த நேரத்தைவிடச் சும்மா கிடந்த நேரம்தான் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்புறம், அதே சிக்கலோடு தினமும் மல்லுக்கட்டும் தொழில் எது என்று தேடுங்கள். ஜெராக்ஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் இதைத்தான் செய்தது. அவர்களுடைய கிடங்கில் பொருட்களை எடுத்து அனுப்புவது மந்தமாக இருந்தது. அதற்காக அவர்கள் பார்க்கப் போனது, தபால் ஆர்டரில் வெளிப்புறப் பொழுதுபோக்குச் சாமான்கள் விற்ற எல்.எல்.பீன் நிறுவனத்தை. நகல் எடுக்கும் மெஷினுக்கும் நடைபயண பூட்ஸுக்கும் என்ன சம்பந்தம்? விற்கும் பொருளில் ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் அளவும் வடிவமும் ஒத்துப்போகாத சாமான்களை ஆட்கள் கையால் எடுத்து வைக்க வேண்டும். எல்.எல்.பீனில் அது வேகமாக நடந்தது. அதிகம் விற்பவை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஸ்பேர் பார்ட்ஸ் தேடுவதில்தான் உங்கள் நேரம் போகிறது என்றால், நல்ல மருந்துக் கிடங்கு ஒன்று உங்களுக்கு நிறையச் சொல்லித்தரும்.

கவுன்ட்டரிலிருந்து டெக்னீஷியனுக்குத் தகவல் போகும்போது விட்டுப்போகிறதா? லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், இதய அறுவை முடிந்த குழந்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவிடம் ஒப்படைக்கும்போது இந்தச் சிக்கல் இருந்தது. பந்தயத்தின் நடுவே பல பேர் சேர்ந்து சில நொடிகளில் காரின் டயர்களை மாற்றிவிடும் ஃபெராரி கார் பந்தயக் குழுவிடம் மருத்துவர்கள் யோசனை கேட்டார்கள். ஒப்படைக்கும்போது பொறுப்பு யாருடையது என்பதே தெளிவாக இல்லை என்று புரிந்தது. அதை ஒருவரிடம் கொடுத்து, யார் எதை எப்போது செய்வது என்றும் வகுத்தார்கள். பிழைகள் குறைந்தன.

பார்க்கப் போகும்போது மறைக்காமல் சொல்லி அனுமதி வாங்குங்கள். வாடிக்கையாளர் வேஷம் வேண்டாம். உங்கள் இடத்தையும் வந்து பார்க்கச் சொல்லுங்கள். 'இதற்கு முன்னால் எதைச் செய்துபார்த்துக் கைவிட்டீர்கள்?' என்று கட்டாயம் கேளுங்கள். மிகவும் பயனுள்ள பதில் அதில்தான் கிடைக்கும். கூடவே ஒரு டெக்னீஷியனையும் அழைத்துப் போங்கள். நீங்கள் கவனிக்காததை அவர் கவனிப்பார். திரும்பி வந்ததும் ஒரே ஒரு மேஜையில் மட்டும் செய்துபாருங்கள்.

சாஃப்ட்வேரை இப்போதைக்கு அப்படியே வைத்திருங்கள். சீட்டுகளைப் படித்த பிறகு, அதில் எந்தப் பகுதி தேவை என்று முடிவு செய்யலாம்.