வாரம் மூன்று நாள் பத்து கிலோமீட்டர் ஓடுகிறேன். 4,000 மீட்டர் சிகரம் ஒன்றை ஒரே நாளில் ஏறி இறங்க முடியுமா?

முடியும். ஆனால் கேள்வியில் ஓட்டப் பயிற்சி, காலணி, பையின் எடை எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும், கையில் ஒரு விடுமுறை நாள்தான், கூட வருகிறவர்கள் உங்களைவிட வேகமானவர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் கதையும் அப்படித்தான். நான், என் தம்பி, அவன் நண்பன். இடம் அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள லாங்ஸ் பீக், 4,346 மீட்டர். கீஹோல் பாதையில் போய்வர ஏறக்குறைய 24 கிலோமீட்டர், ஏற்றம் 1,500 மீட்டர். முதல் பத்து கிலோமீட்டர் நடை. அதன் கடைசிப் பகுதி பெரிய பாறைகளாகக் கொட்டிக் கிடக்கும் போல்டர்ஃபீல்டு. அதைத் தாண்டினால் மலைமுகட்டில் சாவித்துளை மாதிரி ஒரு திறப்பு. அதுதான் கீஹோல். அதற்கப்புறம் உச்சிக்கு இரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் யோசெமிட்டி தரவரிசையில் அந்த இரண்டு கிலோமீட்டர் மூன்றாம் வகுப்பு. ஒன்று என்றால் சாதாரண நடை, ஐந்து என்றால் கயிறு கட்டிய ஏற்றம். மூன்றில் கயிறு வேண்டாம், ஆனால் இரண்டு கையாலும் பாறையைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். சில இடங்களில் கால் தவறினால் எழுந்து வர முடியாது.

அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பியது 3:50. தாமதத்துக்கு யார் காரணம் என்பது இப்போது வேண்டாம். கிளம்பும்போதே மூவரும் ஒப்புக்கொண்டது ஒன்று: 11 மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பிவிடுவது. கோடையில் அந்த மலைத்தொடரில் மதியம் இடிமழை வருவது வழக்கமான விஷயம். மதியத்துக்குள் உச்சியிலிருந்து இறங்கி, மரங்கள் இருக்கும் உயரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

கீஹோலை அடைந்தபோது மணி 8:40. அதைத் தாண்டி மேற்குப் பக்கம் போன பிறகுதான் வானம் முழுதாகத் தெரிகிறது. அங்கே மேகம் பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். அதுவரை மலையே அதை மறைத்துக்கொண்டிருந்தது. காலை வெயிலில் வெள்ளையாக, அழகாக, அடிப்பகுதி தட்டையாக நாலைந்து மேகங்கள். ட்ரஃப் என்கிற செங்குத்தான கல்லோடையில் ஏறி முடித்தபோது அவை மேல்நோக்கி வளர ஆரம்பித்திருந்தன. அந்த ஓடையில் கல் உருளும். மேலே இருப்பவர் காலில் ஒரு கல் பெயர்ந்தால் உடனே கத்த வேண்டும். ஒவ்வொரு பிடியையும் தட்டிப் பார்த்த பிறகுதான் அதில் உடல் எடையைக் கொடுக்க வேண்டும், இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்றாவது எப்போதும் பாறையில் இருக்க வேண்டும். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது விழுக்காடுதான். பத்து கிலோமீட்டர் ஓடுகிற நுரையீரலும் பத்து அடிக்கு ஒருமுறை நிற்கும்.

சரியாக 11 மணிக்கு ஹோம்ஸ்ட்ரெட்ச் என்ற கடைசிச் சரிவின் அடியில் நின்றோம். வழுவழுப்பான பாறைப் பலகைகள். உச்சிக்கு இன்னும் தொண்ணூறு மீட்டர் உயரம் இருக்கும். "அக்கா, இன்னும் அரை மணி நேரம்தான்க்கா. இங்க வரைக்கும் வந்துட்டு…" என்றான் தம்பி. அவன் நண்பன் ஒன்றும் சொல்லாமல் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். நான் திரும்பினேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருவரும் பின்னால் வந்தார்கள்.

12:20-க்கு முதல் இடி. அப்போது ட்ரஃபின் கீழ்ப்பாதியில் இருந்தோம். ஊன்றுகோல்களை மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டு, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு இறங்கினோம். அடுத்த பத்து நிமிடத்தில் ஆலங்கட்டி. உச்சிக்குப் போயிருந்தால் அரை மணி ஏற்றம், கால் மணி ஓய்வு, படம். 12:20-க்கு அந்த வழுவழுப்பான பலகைகளில் இறங்கிக்கொண்டிருப்போம், அதன் மேல் ஆலங்கட்டி உருண்டுகொண்டிருக்கும். இந்தக் கணக்கை நான் நூறு முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அந்தப் பாதையில் வழிகாட்ட மஞ்சளும் சிவப்பும் சேர்ந்த வட்டங்களைப் பாறையில் வரைந்திருப்பார்கள். ட்ரஃபில் இறங்கும்போது ஓரிடத்தில் வலப்பக்கம் திரும்பி வெளியேற வேண்டும். தவறவிட்டால் ஓடை நம்மை வேறொரு பள்ளத்தாக்குக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். தம்பி அந்தத் திருப்பத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தான், ஏனென்றால் கீழே யாரோ அழகாக ஒரு கல்கோபுரம் அடுக்கி வைத்திருந்தார்கள். மலையில் கல்லை அடுக்கி வைத்தால் அதற்கு "வழி இதுதான்" என்று பொருள். படம் எடுக்க அடுக்குகிறவர்களுக்கு இது தெரிவதில்லை, சொன்னாலும் கோபப்படுகிறார்கள். கல்லைப் புரட்டும்போது அதன் அடியில் ஒதுங்கியிருக்கும் உயிர்களின் மறைவிடம் போகிறது. அந்த உயரத்துச் செடிகள் கையளவு வளரவே பல ஆண்டுகள் ஆகும். அவற்றின் மண்ணும் கலைகிறது. மழையில், கண்ணாடி நனைந்து, தலை வலித்துக்கொண்டு இறங்குகிற ஒருவருக்கு அந்தப் பொய்க்கோபுரம் உயிருக்கே ஆபத்து. தயவுசெய்து அடுக்காதீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். இன்றைய அளவில் சொன்னால் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி லாங்ஸ் பீக் ஏழே கால் மணி நேரத்தில் முடிய வேண்டும். உச்சி தொடாமலேயே எங்களுக்கு 13 மணி நேரம் ஆனது. உயரமும், கையூன்றி ஏறும் பகுதியும், கூட்டம் நகரக் காத்திருப்பதும் அந்தக் கணக்கில் இல்லை. நீங்கள் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு இரண்டால் பெருக்குங்கள். அங்கிருந்து பின்னோக்கிக் கிளம்பும் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்.

ஓட்டம் நல்லதுதான். ஆனால் இறங்கும்போது தொடைத்தசை பிரேக் மாதிரி வேலை செய்கிறது, சமதள ஓட்டம் அதற்குப் பழக்குவதில்லை. பையைச் சுமந்துகொண்டு மாடிப்படி இறங்கிப் பழகுங்கள்.

உயர நோய் பற்றியும் ஒரு வார்த்தை. தலைவலியும் குமட்டலும் பெரும்பாலும் உயரத்துக்குப் போய் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும். ஒருநாள் பயணத்தில் அதற்குள் பலர் இறங்கிவிடுவதால் "எனக்கு எதுவும் ஆகவில்லை" என்பார்கள். அதை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள். தலைவலியோடு நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ அந்த நிமிடமே இறக்கம்தான்.

"உச்சியே தொடாதவர் ஏன் பதில் எழுதுகிறார்" என்று யாராவது கேட்கக்கூடும். கையூன்றத் தேவையில்லாத 4,000 மீட்டர் சிகரங்கள் ஏழு ஏறியிருக்கிறேன், எல்லாமே ஒருநாள் பயணம். அதற்காகப் பெரிய மலையேறி என்று சொல்லிக்கொள்ளவில்லை. பயிற்சி பெற்றவர்கள் மதியம் இரண்டு மணிக்கு உச்சியில் நின்று பத்திரமாகத் திரும்பிய நாட்களும் உண்டு, மறுக்கவில்லை. முதல்முறை போகிறவருக்காக எழுதுகிறேன்.

வீட்டில் இன்றுவரை அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தால் "அக்கா பயந்துட்டாங்க" என்றுதான் தொடங்கும். பயந்தேன், உண்மைதான். ஆனால் 11 மணி என்று முடிவு செய்தது அதிகாலையில், சமதரையில், பயமே இல்லாதபோது. மூவரும் சேர்ந்து செய்த முடிவு. அதை மட்டும் யாரும் சொல்வதில்லை, அதுதான் எனக்கு வலிக்கிறது.

எந்தச் சிகரம், எந்த மாதம் என்று கீழே எழுதுங்கள். நேரக் கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். தம்பி வரும் ஆகஸ்டில் லாங்ஸ் பீக் மறுபடி போகலாம் என்கிறான். இந்த முறை அதிகாலை 1:30-க்குக் கிளம்ப அவனாகவே ஒப்புக்கொண்டிருக்கிறான்.