முதல் பந்தியா, இரண்டாம் பந்தியா, நினைத்த நேரமா?

கேள்வி: நாங்கள் மதுரை திருநகரில் இருக்கிறோம். வரும் மே மாத விடுமுறையில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து பினாங்கு, புக்கெட் சுற்றி வரும் நான்கு இரவுக் கப்பலில் ஏறப்போகிறோம். நான், கணவர், எட்டாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், அத்தை, மாமா என்று ஆறு பேர். மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போடுகிறார். அத்தையும் மாமாவும் முட்டைகூடத் தொடாத சைவம். கணவரும் பிள்ளைகளும் வெளியே போனால் அசைவம் சாப்பிடுவார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு ‘டிரெடிஷனல் டைனிங்’ வேண்டுமா, ‘ஃப்ளெக்சிபிள் டைனிங்’ வேண்டுமா என்று டிராவல்ஸில் கேட்கிறார்கள். இரண்டுக்கும் காசு ஒன்றுதானாம். “லீவுக்குப் போற இடத்துல மணி பாத்துச் சாப்பிடணுமா?” என்கிறார் கணவர். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று அத்தைக்குப் பயம். எதை எடுப்பது?
— வாசகி, திருநகர், மதுரை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரெடிஷனல் டைனிங்கை எடுங்கள், அதிலும் இரண்டாவது நேரத்தை. ஆறு பேருக்கும் தனி மேசை கேளுங்கள். நீங்களும் கணவரும் மட்டும் போவதாக இருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். இந்த ஆறு பேருக்கு இதுதான் சரி என்று நினைக்கிறேன்.

கணவருக்கும் அத்தைக்கும் விளக்க வசதியாக, இரண்டும் என்ன என்று பார்த்துவிடுவோம். டிரெடிஷனல் என்பது நம் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. முதல் பந்தி சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிவாக்கில். இரண்டாம் பந்தி எட்டு, எட்டரை வாக்கில். கப்பலுக்குக் கப்பல் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பயணம் முடியும்வரை அதே நேரம், அதே மேசை, பரிமாறுகிறவர்களும் அவர்களேதான். பயணிகள் எல்லாரையும் ஒரே நேரத்தில் உட்காரவைக்கக் கப்பலின் சாப்பாட்டுக்கூடத்தில் இடம் போதாது. அதனால் வந்த ஏற்பாடு இது. ஃப்ளெக்சிபிள் என்றால் அதே கூடத்துக்கு, அவர்கள் சொல்லும் சில மணி நேர இடைவெளிக்குள் எப்போது வேண்டுமானாலும் போகலாம். காலியாக இருக்கும் மேசையைத் தருவார்கள், அந்த மேசைக்குரிய வெயிட்டர் பரிமாறுவார். நினைத்த நேரத்தில் சாப்பிடும் ஆசை கடலுக்குப் புதிதல்ல. 1905-இல் கடலுக்கு வந்த ‘அமெரிக்கா’ என்ற ஜெர்மன் கப்பலிலேயே, பொதுக்கூடத்துக்கு வெளியே தனிக் காசு கொடுத்து விருப்பப்படி சாப்பிட ஒரு ரெஸ்டாரன்ட் இருந்தது. 2000-ஆம் ஆண்டுவாக்கில் நார்வீஜியன் என்ற கப்பல் நிறுவனம் பந்தி முறையையே எடுத்துவிட்டு இந்தச் சுதந்திரத்தை எல்லாருக்கும் கொடுத்தது. பிறகு மற்ற பெரிய நிறுவனங்களும் பந்தியோடு சேர்த்து இதையும் வைத்துக்கொண்டன.

கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊர் சுற்றிவிட்டுக் களைத்து வரும் நாளில், குளித்துவிட்டு நிதானமாகப் போகலாம் என்பது பெரிய வசதி. ஆனால் ஏழு மணியிலிருந்து எட்டரைக்குள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும், வாசலில் வரிசை நிற்கும். இரண்டு பேருக்கு மேசை சீக்கிரம் கிடைத்துவிடும். ஆறு பேருக்குச் சேர்ந்தாற்போல் காலியாக வேண்டுமே! முன்பதிவு செய்து வைத்தால் காத்திருக்க வேண்டாம்தான். ஆனால் முன்பதிவு செய்துவிட்டால் அப்புறம் அதுவும் மணி பார்த்துச் சாப்பிடுவதுதானே?

நான் பந்தியைச் சொல்வதற்கு முக்கியமான காரணம் உங்கள் அத்தை. கப்பல் மெனுவில் ‘வெஜிடேரியன்’ என்று போட்டிருந்தால், இறைச்சியும் மீனும் இல்லை என்பதுதான் பெரும்பாலும் அர்த்தம். முட்டை இருக்கலாம். நூடுல்ஸ் மாவில், கேக்கில், சாலட் மேல் ஊற்றும் மயோனைஸில் அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். காய்கறி சூப்பைக் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரில் செய்திருக்கலாம். அந்தப் பக்கத்துச் சமையலில் மீன் சாஸும் இறால் விழுதும் நம் பெருங்காயத்தைப்போல எல்லாவற்றிலும் ஒரு துளி விழும். பளபளவென்று ஆடும் ஜெல்லியிலும் சில புட்டிங்கிலும் ஜெலட்டின் இருக்கும். அது மாட்டு, பன்றித் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. ஒவ்வொரு இரவும் புதுப்புது வெயிட்டரிடம் இதையெல்லாம் விளக்க வேண்டும் என்றால் நீங்கள் சாப்பிட முடியாது. அத்தையும் உங்களைச் சிரமப்படுத்துகிறோமே என்று ரொட்டியையும் பழத்தையும் தின்றுவிட்டுப் “போதும்மா” என்று எழுந்துவிடுவார். அப்படி எழுந்துபோகும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டப்படும்.

பந்தியில் முதல் இரவு ஒரே ஒரு முறை பொறுமையாகச் சொன்னால் போதும். பெரும்பாலும் ஒரு வெயிட்டர், அவருக்கு ஓர் உதவியாளர், இருவருக்கும் மேலே ஒரு ஹெட் வெயிட்டர் உங்கள் மேசையைக் கவனிப்பார்கள். ஹெட் வெயிட்டரை வரச்சொல்லி, “முட்டை, மீன் சாஸ், ஜெலட்டின் எதுவும் கூடாது” என்று சொல்லுங்கள். அடுத்த நாள் மெனுவை முந்தின இரவே கொண்டுவந்து காட்ட முடியுமா என்றும் கேளுங்கள். பல கப்பல்களில் இதைச் செய்து தருகிறார்கள். அத்தைக்கு வேண்டியதை அப்போதே குறித்துக்கொண்டு சமையலறையில் தனியாகச் செய்யச் சொல்வார்கள். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் நம் நாட்டுப் பயணிகள் நிறைய என்பதால் இந்தியச் சைவம் ஏதாவது இருக்கும். பனீர், பருப்பு, ரொட்டி என்று வடநாட்டுப் பக்கமாகத்தான் இருக்கும். வெள்ளைச் சோறும் தயிரும் தினமும் மேசைக்கு வரவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவைத்தால், இரண்டாம் நாள் கேட்காமலே வந்துவிடும். முகம் தெரிந்த ஒருவர் “மேடம், தயிர்” என்று கொண்டுவந்து வைக்கும்போது அத்தையின் கூச்சமும் போய்விடும். பஃபே இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் அது கொண்டாட்டம். ஆனால் கோழிக்குழம்பில் கிடந்த கரண்டியைப் பக்கத்துக் காய்கறியில் யாராவது போட்டுவிடுவார்கள். அத்தை அதைப் பார்த்துவிட்டால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார்.

ஏன் இரண்டாம் பந்தி என்று கேட்பீர்கள். வயதானவர்கள், சின்னப் பையன், சீக்கிரம் சாப்பிட்டுப் படுக்கட்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். டிராவல்ஸிலும் முதல் பந்தியைத்தான் சொல்வார்கள். ஆனால் சிங்கப்பூர் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே சாயங்காலம் ஐந்தரை என்றால் திருநகரில் பகல் மூன்று மணி. சோறு சாப்பிட்டுவிட்டு மாமா கட்டையைச் சாய்க்கிற நேரம் அது. அப்போது மூன்று நான்கு பதார்த்தமாக வரும் விருந்தை யார் சாப்பிடுவது? எட்டேகால் பந்தி என்றால் ஊர் மணிக்கு ஐந்தே முக்கால். அதுவே கொஞ்சம் முந்திதான், ஆனால் பசிக்கத் தொடங்கியிருக்கும். ராத்திரி பத்து மணிக்கும் இட்லிக் கடையில் கூட்டம் நிற்கிற ஊர்க்காரர்கள் நாம். நான்கு நாளில் வயிறு முழுதாக மாறிவிடாது. துறைமுகத்தில் இறங்கிச் சுற்றும் நாட்களிலும், ஐந்தரைக்குள் திரும்பிக் குளித்து உடுத்தி ஓட வேண்டிய அவதி இருக்காது. இன்னொன்று, புக்கெட் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். அங்கே கைபேசி தானாக மணியை மாற்றிக்கொள்ளும், கப்பல் மாற்றிக்கொள்ளாமல் போகலாம். கப்பல் மணி எதுவோ அதைத்தான் பார்க்க வேண்டும். மாமாவின் கையில் சாதாரணக் கடிகாரம் ஒன்றைக் கட்டி, கப்பல் மணிக்குத் திருப்பி வையுங்கள்.

மாமாவின் இன்சுலினுக்கும் நேரம் தவறாத சாப்பாடு நல்லது. இன்றைக்கு ஏழு, நாளைக்கு ஒன்பது என்று ஆவது அவருக்கு ஆகாது. ஆனாலும் ஒரு கவனம் வேண்டும். உட்கார்ந்தவுடன் முழுச் சாப்பாடும் வந்துவிடாது. ஒவ்வொன்றாக வந்து முடிய ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். கேபினில் ஊசியைப் போட்டுக்கொண்டு, லிஃப்டுக்கு நின்று, மேசையில் காத்திருந்து என்றால் சர்க்கரை இறங்கிவிடலாம். போட்ட பிறகு எவ்வளவு நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது இன்சுலினுக்கு இன்சுலின் மாறும். இந்த மேசை விவரத்தையும், இரண்டரை மணி நேர வித்தியாசத்தையும் கிளம்புவதற்கு முன் அவருடைய டாக்டரிடம் சொல்லி, எப்போது போடுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உட்கார்ந்ததும் ரொட்டி கொண்டுவந்துவிடுவார்கள். அவருடைய சாப்பாட்டை முதலில் கொண்டுவரச் சொன்னாலும் செய்வார்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள். விமானத்தின் சரக்கு அறையில் உறைந்துபோகலாம், கப்பலிலோ பெட்டி கேபினுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். டாக்டர் சீட்டோடு கைப்பையில் இருக்கட்டும். கேபினில் இருக்கும் சின்ன ஃப்ரிட்ஜ் பல கப்பல்களில் போதுமான அளவுக்குக் குளிராது. மருந்துக்கு என்று கேட்டால் வேறு ஏற்பாடு செய்வார்கள். போட்ட ஊசிகளைப் போட டப்பாவும் தருவார்கள்.

பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டாம் பந்திக்காரர்கள் கலைநிகழ்ச்சியைச் சாப்பாட்டுக்கு முன்பே பார்த்துவிட வசதியாகத்தான் நேரம் வைத்திருப்பார்கள். மகனுக்கு இடையில் பசித்தால் சாயங்காலம் பஃபேயில் ஏதாவது கொடுத்துவிடலாம். பந்தியை எடுத்துவிட்டால் தினமும் போயே தீரவேண்டும் என்றும் கட்டாயம் இல்லை. ஓர் இரவு கணவர் விருப்பப்படி வேறு இடத்தில் சாப்பிடலாம், வெயிட்டரிடம் முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். தனிக்கட்டண ரெஸ்டாரன்ட்டுகளுக்கு மட்டும் கூடுதல் காசு ஆகும்.

அத்தையின் பயத்துக்கு வருகிறேன். பெரிய மேசைகளில் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்த்து உட்காரவைப்பது உண்டு. ஆனால் நீங்கள் ஆறு பேர். ஆறு பேர் மேசை சாதாரணமாக இருப்பதுதான், கேட்டால் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஆறு பேர் என்றால் இரண்டு, மூன்று கேபின் எடுத்திருப்பீர்கள், அவற்றின் பதிவு எண்கள் தனித்தனியாக இருக்கும். அந்த எண்களைச் சேர்த்து இணைக்கச் சொல்லாவிட்டால் அத்தையும் மாமாவும் ஒரு மேசை, நீங்கள் வேறு மேசை என்று ஆகிவிடும். ஏறின அன்றைக்கே மதியம் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போய் மேசையைப் பார்த்துவிடுங்கள். மாற்ற வேண்டுமானால் கேட்க நல்ல நேரம் அதுதான்.

உடுப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் கூடத்தில் அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன் போன்றவை ஆகாது. ஓர் இரவு நன்றாக உடுத்தி வரச் சொல்வார்கள். அன்றைக்கு அத்தை சுங்குடியோ பட்டோ கட்டட்டும், மாமா பட்டு வேட்டியில் வரட்டும்.

வழித்துணைக்கு என்று வீட்டில் செய்து எடுத்துப்போகும் புளியோதரையும் தயிர்சாதமும் கப்பலுக்குள் விடமாட்டார்கள். கடையில் சீல் வைத்து விற்கும் பொடி, ஊறுகாய்ப் பாக்கெட்டுகளுக்குப் பெரும்பாலும் தடை இருக்காது. தண்ணீர் சூடுபண்ணும் கெட்டிலை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கசகசா சேர்ந்த மசாலா எதையும் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகவே கூடாது, அங்கே போதைப்பொருள் தடைக்குள் வருகிறது. பெட்டி கட்டும்போது குருமாப் பொடியை எடுத்து வெளியே வைத்துவிடுங்கள்.

பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் பந்திகள் சீக்கிரம் நிரம்பிவிடும். டிராவல்ஸில் இன்றைக்கே பேசுங்கள். இரண்டாம் நேரம், ஆறு பேருக்குத் தனி மேசை, எல்லாக் கேபின் எண்களும் இணைப்பு, இரண்டு பேருக்கு முட்டையில்லாத சைவம், ஒருவருக்கு இன்சுலின். இவற்றை வாய்வார்த்தையாக விடாமல் பதிவிலேயே ஏற்றச் சொல்லி, உறுதிச் சீட்டு வந்ததும் படித்துப் பாருங்கள். உணவுக் குறிப்பைக் கப்பல் கிளம்புவதற்குப் பல வாரம் முன்பே நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். இரண்டாம் பந்தி நிரம்பிவிட்டது என்றால் முதல் பந்தியை எடுக்காதீர்கள். ஃப்ளெக்சிபிளை எடுத்து, நான்கு இரவுக்கும் எட்டு மணிக்கே முன்பதிவு செய்து, தினமும் ஒரே வெயிட்டரின் மேசை வேண்டும் என்று கேளுங்கள். முடிந்தவரை கொடுப்பார்கள்.