ரீசார்ஜ் கிணற்றில் சோப்புத் தண்ணீர்: நோட்டீசுக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி: கோவையில் எனக்கு நான்கு மாடி வணிக வளாகம். கைகழுவும் தண்ணீரைச் சுத்திகரித்து டாய்லெட்டுக்கு விடுகிறோம். மிஞ்சுவது, மழைநீரை நிலத்தடிக்கு இறக்கும் ரீசார்ஜ் கிணற்றில் விழும்படி பிளம்பர் குழாய் போட்டுவிட்டார். பார்க்கிங் தகராறில் கறுவிக்கொண்டிருந்த பக்கத்துக் கட்டடக்காரர், தன் போர்வெல்லில் நுரையும் நாற்றமும் வருவதாகப் புகார் கொடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. தரைத்தள ஹோட்டல்காரரிடம், பாத்திரம் கழுவும் தண்ணீரை எங்கள் கைகழுவும் தண்ணீர் லைனில் விடாதீர்கள் என்று பலமுறை வாட்ஸ்அப்பில் சொன்னேன். 2003-இலேயே மழைநீர் சேகரிப்பு அமைத்தவன் நான். என் மேல் எப்படித் தப்பு?

பதில்: பார்க்கிங்கை மறந்துவிடுங்கள். மழைநீர் சேகரிப்புச் சட்டம் மழையைத்தான் உள்ளே விடச் சொல்கிறது, சிங்க் தண்ணீரை அல்ல. கிணற்றில் இறங்கும் அந்த ஒரு ஓவர்ஃப்ளோ குழாய்தான் வழக்கு. 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் நிலத்தடி நீரும் நீரோடைக்குச் சமம். தெரிந்தே அதில் மாசு விடுவதையும், விட அனுமதிப்பதையும் 24-ஆம் பிரிவு தடுக்கிறது.

'தெரிந்தே' என்ற சொல்லில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஹோட்டல்காரர் மேல் பழியைப் போட்டு, வாட்ஸ்அப் நகல்களையும் பதிலோடு இணைத்தால், உங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு நீங்களே சாட்சி கொடுத்தாயிற்று. அதற்காக மெசேஜ்களை அழிக்கவும் வேண்டாம். எதிர்முனை போனில் அவை அப்படியே இருக்கும். சாட்சியத்தை மறைத்த தனிக்குற்றம்தான் கூடும். ராத்திரியோடு ராத்திரியாகக் கிணற்றை மண் கொட்டி மூடுவதும் அதே ரகம்.

பதிலில் யாரையும் குறை சொல்லாதீர்கள். என்ன சரிசெய்தீர்கள் என்பது மட்டும் இருக்கட்டும். இன்றே குழாயை அறுத்து இரண்டு முனையிலும் எண்ட் கேப் (முனை மூடி) போட்டு, தேதியோடு படம் எடுங்கள். வெறும் வால்வை மூடி வைத்தால் ஆய்வாளர் ஏற்கமாட்டார், நாளைக்கே திறக்கலாமே. ஓவர்ஃப்ளோ பாதாளச் சாக்கடைக்குப் போகட்டும். ஹோட்டல் லைன் கிரீஸ் டிராப் (எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் தொட்டி) வழியாகத் தனியாகப் போகட்டும். கிணற்றில் போட்டிருக்கும் ஜல்லியும் மணலும் இலைதழையைத்தான் நிறுத்தும், கரைந்த சோப்பை நிறுத்தாது. எண்ணெய் படிந்து அழுகியதால்தான் நாற்றம். அந்தக் கசடை லாரியில் எடுத்து, ரசீதை வையுங்கள்.

வாரியத்திலிருந்து தண்ணீர் மாதிரி எடுக்க வந்தால் உடனிருங்கள். இரண்டாகப் பிரித்து சீல் வைத்து, ஒரு பாகத்தைத் தனியாகப் பரிசோதிக்கச் சொல்லும் உரிமை 21-ஆம் பிரிவில் உண்டு. கோபித்துக்கொண்டு நகர்ந்தால் அது போய்விடும். 33ஏ பிரிவில் வாரியம் மின் இணைப்பைத் துண்டிக்கவே உத்தரவிடலாம். வளாகம் இருட்டானால் மற்ற வாடகைதாரர்களும் உங்கள் மேல் பாய்வார்கள். அந்த உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

பக்கத்துக்காரரிடம் சமாதானமாகப் போங்கள். போர்வெல்லை கம்ப்ரஸர் போட்டுச் சுத்தம் செய்யும் செலவும், தண்ணீர் தெளியும்வரை லாரித் தண்ணீரும் கொடுத்துவிடுங்கள். பொறுப்பை ஒப்புக்கொள்ளாமல் கொடுப்பதாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் புகாரை வாபஸ் வாங்கினாலும் வாரிய நோட்டீஸ் சாகாது. ஆனால் நஷ்டஈடு கேட்க ஆள் இருக்காது.

செலவை ஹோட்டல்காரரிடம் வசூலிக்கலாமா என்பது வாடகை ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அது உங்கள் இருவருக்குள் உள்ள கணக்கு. பொதுக் குழாய் உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதால் வாரியம் முதலில் உங்களைத்தான் கேட்கும்.