அடுப்படி கேள்வி பதில்: பன்றித்தோலும் வடகமும் ஒரே கணக்குதான்

கேள்வி: அக்கா, நான் ஜெலுத்தோங்ல இருக்கேன். கடையில சியோ பாக், அதான் சீனக் கடையில விக்கிற மொறுமொறு தோலோட சுட்ட பன்றிக்கறி, வாங்குனா தோல் கடிச்ச உடனே நொறுங்குது, வீட்டுல மூணு தடவ ஓவன்ல செஞ்சி பாத்துட்டேன், கறி நல்லா வேகுது ஆனா தோல் மட்டும் ரப்பர் மாதிரி இழுக்குது. என் ஓவன்தான் சரியில்லையா?

பதில்: ஓவன மாத்தாதம்மா, காச வீணாக்காத. நம்ம பாட்டி வடகம் போட்டாங்களே, அத நெனச்சி பாரு. மாவ மொதல்ல வேக வைப்பாங்க, பிழிஞ்சி நல்லா காய வைப்பாங்க, அப்புறம் சூடான எண்ணெயில போட்டா பொரிஞ்சி வரும். காயாத வடகத்த எண்ணெயில போட்டா என்ன ஆகும்? பன்றித்தோலும் அச்சு அசல் அதேதான், வேகணும், காயணும், அப்புறம்தான் பெரிய சூடு. தோல்ல ஈரம் இருக்குற வரைக்கும் ஓவன் சூடெல்லாம் அந்த தண்ணிய ஆவியாக்கவே போயிடும், தண்ணியும் 100 டிகிரிக்கு மேல ஏறாது, அதனால தோல் பொரியாம அவிஞ்சிக்கிட்டே கெடக்கும். நீ காய வைக்குற வேலைய விட்டிருப்பேன்னு நெனக்கிறேன்.

பூலாவ் தீக்குஸ் மார்க்கெட்டு மாதிரி எடத்துல கறிக்கடை அங்கிள்கிட்ட வயித்துக்கறி, கொழுப்பும் சதையும் அடுக்கடுக்கா இருக்குறது, ஒரு கிலோ ஒரே துண்டா, மேல மட்டமா இருக்குற மாதிரி கேட்டு வாங்கு. வீட்டுக்கு வந்து தோல்ல முடி இருந்தா கத்தியால சுரண்டிட்டு, தோல் பக்கம் கீழ இருக்குற மாதிரி கொதிக்குற தண்ணியில 10 நிமிஷம் வை, தோல் மட்டும் முங்குனா போதும். எடுத்து தொடச்சிட்டு குத்தணும். இதுலதான் நெறைய பேரு கோட்ட விடுறாங்க. ஊசிக் கட்டையோ கூர்மையான முள்கரண்டியோ எடுத்து தோல் பூரா நெருக்கமா குத்து, ஆனா சதை வரைக்கும் எறங்கக் கூடாது. நான் மொதல்ல செஞ்சப்ப வேகமா ஆழமா குத்திட்டேன், வேகும்போது கறிச்சாறு அந்த ஓட்ட வழியா மேல வந்து நின்ன எடமெல்லாம் பொரியவே இல்ல, அன்னைக்கி ரொம்ப வருத்தமா இருந்துச்சி.

அப்புறம் சதைப் பக்கம் மட்டும் உப்பு, ஃபைவ் ஸ்பைஸ் பவுடர் தடவு. நான் கொஞ்சம் மிளகும் சீரகமும் இடிச்சி சேப்பேன், அந்த வாசம் நம்ம சோத்துக்கு ஒத்துப் போகும். மசாலா தோல்ல பட்டா கருகிடும், பட்டுச்சின்னா தொடச்சிடு. தோலுக்கு மெல்லிசா உப்பு மட்டும். மூடாம அப்படியே ஃப்ரிட்ஜ்ல ஒரு ராத்திரி பூரா வை. பினாங்கு காத்துல வெளிய வச்சா எங்க காயும், ஃப்ரிட்ஜ் காத்துதான் வறண்டது. காலையில தொட்டா தோல் காகிதம் மாதிரி வெறைப்பா இருக்கணும், இல்லன்னா இன்னும் கொஞ்ச நேரம் விடு, அவசரப்படாத.

ஃபாயில்ல படகு மாதிரி மடிச்சி சதைய மூடி தோல மட்டும் தெரிய வை. ஒரு பக்கம் சரிஞ்சிருந்தா அடியில ஃபாயில சுருட்டி முட்டுக் குடு. 180 டிகிரியில முக்கா மணி நேரம், அப்புறம் 220, 230க்கு ஏத்தி 15லருந்து 20 நிமிஷம், பக்கத்துலயே நின்னு பாரு, குமிழ் குமிழா எழும்பி வரும். அங்கங்க கருகுனா பயப்படாத, ரொட்டி வெட்டுற பல் கத்தியால சுரண்டுனா போயிடும், கடைக்காரங்களும் அப்படித்தான் கருக விட்டு சுரண்டுறாங்க.

கேள்வி: செந்தூல்லருந்து எழுதுறேன் அக்கா. எங்க வீட்டுல ஓவன் இல்ல, ஏர்ஃப்ரையர்தான். வினிகர் தடவணும்னு வேற சொல்றாங்களே?

பதில்: ஏர்ஃப்ரையர் தாராளமா போதும் தம்பி, காத்து வேகமா சுத்துறதால தோல் சீக்கிரமே பொரியும். ஆனா துண்டு சின்னதா இருக்கணும், ஹீட்டர்ல முட்டக் கூடாது. 160ல அரை மணி நேரம், அப்புறம் 200ல 15 நிமிஷம் வச்சி பாருங்க, உள்ள சதை வெந்துடுச்சான்னு வெட்டிப் பாத்துட்டு சாப்புடுங்க. வினிகர் ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ லேசா தடவலாம், தப்பில்ல. காயாத தோல வினிகர் காப்பாத்தாது.

கேள்வி: மிச்சம் மறுநாள் நமத்துப் போயி லெமாவ் ஆயிடுதே, என்ன பண்றது?

பதில்: சூடா டப்பாவுல போட்டு மூடுனா அந்த ஆவியே தோல நனைச்சிடும்மா, ஆற விட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க. மறுநாள் மைக்ரோவேவ் வேணாம், ஏர்ஃப்ரையர்ல 5 நிமிஷம் தோல் மேல பாக்க வைங்க. அப்பவும் மொறுமொறுப்பு திரும்பலன்னா சின்னதா வெட்டி வெங்காயம், காஞ்ச மிளகா, கறிவேப்பிலை போட்டு பெரட்டிடுங்க, ரசச் சோத்துக்கு எங்க வீட்டுல அதுக்குத்தான் சண்டையே நடக்கும்.