பள்ளித் தோழர்களின் ஒன்றுகூடல்கள் நட்பைக் காப்பாற்றுகின்றனவா?

பள்ளியை விட்டு முப்பது ஆண்டுகள் ஆன பிறகு பழைய தோழர்களைத் திரட்டி ஒரு சந்திப்பு நடத்த விரும்புவதாகவும், அப்படி ஒரு நாள் கூடிக் கலைவதால் நட்பு நிலைக்குமா, நடத்துவதானால் எதைக் கவனிக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதுவரை நான்கு சந்திப்புகளுக்கு ஏற்பாட்டாளனாக ஓடியாடியவன் என்ற முறையிலும், அவற்றுள் முதலாவதைத் தவறாக நடத்தியவன் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன்.

கோவில்பட்டிக்கு அருகே உள்ள ஓர் அரசுப் பள்ளியில் 1979 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்து, 1986 மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு எழுதியவன் நான். (அப்போது எங்கள் பகுதி திருநெல்வேலி மாவட்டம், அதே ஆண்டு அக்டோபரில்தான் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தது. சான்றிதழில் ஒரு மாவட்டமும் குடும்ப அட்டையில் வேறொரு மாவட்டமும் இருப்பது ஏன் என்று எங்கள் செட்டில் பலர் ஏதாவது ஓர் அலுவலகத்தில் விளக்கம் சொல்லியிருப்பார்கள்.) பள்ளி முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போனோம். முதல் இரண்டு பொங்கலுக்கு வாழ்த்து அட்டைகள் வந்தன. பிறகு இன்லண்ட் கடிதங்கள் குறைந்தன. பிறகு யாருடைய முகவரியும் யாரிடமும் இல்லை.

2011-இல், இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவதை ஒட்டி, நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து முதல் சந்திப்புக்கு ஏற்பாடு செய்தோம். பிளஸ் டூவில் எங்களோடு படித்தவர்கள் மொத்தம் 38 பேர்; தேடிப் பிடித்ததில் 24 பேர் வந்தார்கள். கோவில்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம், தலைக்கு 2,000 ரூபாய் பங்கு, வாசலில் ஆளுயர ஃபிளக்ஸ், பழைய ஆசிரியர்களுக்குப் பொன்னாடை என்று எல்லாமே விமரிசையாக நடந்தன. பங்குத்தொகைக்கு மேல் நன்கொடை கொடுத்தவர்களின் பெயரையும் தொகையையும், கல்யாண வீட்டில் மொய் வாசிப்பது போல, மைக்கில் வாசித்தோம். அதன் பிறகு ஒவ்வொருவரும் மேடையேறி இப்போது என்ன வேலையில் இருக்கிறோம், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும் என்றும் வைத்திருந்தோம். முதலில் ஏறியவர் வங்கி மேலாளர், அடுத்தவர் துபாயில் பொறியாளர். ஆறாவது ஏழாவது ஆள் வரும்போது பின்வரிசையில் இருந்த இருவர் டீ குடிக்க எழுந்து போய், சாப்பாட்டு நேரம் வரை திரும்பவில்லை என்பதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கைகுலுக்கி, படம் எடுத்து, கண்கலங்கிப் பிரிந்தோம். ஆறே மாதத்தில் மீண்டும் யாரும் யாரையும் அழைக்காத பழைய நிலைக்கு வந்து சேர்ந்தோம்.

என் தவறு எனக்குப் புரிந்தது இரண்டு ஆண்டுகள் கழித்து, கோவில்பட்டி பேருந்து நிலையத்தில். ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பின் பாதி வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், லாரிக்கு லோடு ஏற்றும் வேலை முடிந்து, தலையில் கட்டிய துண்டோடு, வேர்க்கடலை தின்றுகொண்டு நின்றான். அவன்தான் என்னை அடையாளம் கண்டான். பேச்சோடு பேச்சாக, சந்திப்புக்கு ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டேன். "நான் எங்கலே பிளஸ் டூ படிச்சேன்? அது ஒங்க செட்டுல்லா" என்றான். அவன் குரலில் வருத்தம் இல்லை. கேட்டதற்குச் சரியான விவரம் சொன்னவன் போல, மீதிக் கடலையில் பாதியை என் கையில் கொட்டினான்.

எங்கள் பகுதியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் விடிவதற்கு முன்பே தீப்பெட்டி ஆலைகளின் வண்டிகள் கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சிறு விரல்கள்தான் தோது என்று பெரியவர்கள் வெளிப்படையாகவே பேசிக்கொள்வார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982-இல் தொடங்கிய சத்துணவு, பத்து வயதைக் கடந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு 1984-இல்தான் விரிந்தது. என் நண்பன் வண்டி ஏறியது 1982 தீபாவளிக்குப் பிறகு. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986 டிசம்பரில், நாங்கள் பள்ளியை விட்டு வெளியேறிய பிறகுதான் வந்தது. ஆகவே 'பிளஸ் டூ 1986' என்று நாங்கள் ஃபிளக்ஸில் அச்சடித்துக்கொண்டது ஒரு நட்பு வட்டத்தின் பெயரே அன்று. கடைசி வரை படிக்க வாய்த்தவர்களின் பட்டியல். மதியம் சோற்றைப் பகிர்ந்தது, கண்மாயில் நீச்சல் பழகியது, ஒரே பிரம்பில் அடி வாங்கியது எல்லாம் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருந்தவர்களோடும்தான்.

அதனால் அடுத்த சந்திப்புக்குப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்கினோம். அப்போதிருந்த தலைமையாசிரியர் பெருந்தன்மையோடு ஒரு சனிக்கிழமை முழுவதும் பதிவேட்டைப் பார்க்க அனுமதித்தார். 1979-இல் ஆறாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளிலும் சேர்த்து 83 பெயர்கள் இருந்தன. செல்லரித்த ஓரங்கள், நீல மை, தந்தையின் பெயர், தொழில், நீங்கிய தேதி. என் நண்பனின் பெயருக்கு நேரே 'நீண்ட நாள் வராமையால் நீக்கம்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அதே வாசகம் அந்தப் பக்கங்களில் இன்னும் பத்தொன்பது இடங்களில் இருந்ததை எண்ணிப் பார்த்தோம்.

தேடுவதில் பெண்களைக் கண்டுபிடிப்பதுதான் மிகவும் கடினமாக இருந்தது. திருமணத்தோடு தலைப்பெழுத்தும் ஊரும் மாறிவிடுகின்றன. கைப்பேசி எண் கிடைத்தாலும் பெரும்பாலும் எடுப்பவர் கணவர். "யார் நீங்கள், எதற்கு" என்று அவர் கேட்பதையும் குறை சொல்ல முடியாது. ஆண்கள் அழைப்பதை நிறுத்திவிட்டு, 2011-இல் வந்திருந்த மூன்று தோழிகளிடமே அந்தப் பொறுப்பை ஒப்படைத்தோம். அவர்கள் எங்களைப் போலத் தொலைபேசியோடு மல்லுக்கட்டாமல் ஒவ்வொருவருடைய பிறந்த வீட்டுக்கும் நேரில் போய், அண்ணன் மனைவியிடமும் அம்மாவிடமும் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள். தேதியை மாற்றச் சொன்னதும் அவர்கள்தான். கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழாவுக்கு இந்தப் பக்கத்தில் பிறந்த பெண்கள் பலர் தாய்வீடு வருவார்கள். அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்றால், வருவதற்கு அவர்கள் யாரிடமும் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. முதல் முறை மூன்றாக இருந்த எண்ணிக்கை 2016-இல் பதினான்கு ஆனது.

அந்தச் சந்திப்பைப் பள்ளி வேப்பமரத்தடியிலேயே வைத்தோம். பங்குத்தொகை கிடையாது, கதவு சாத்திய அறை ஒன்றில் ஒரு சில்வர் குடத்தை வைத்துவிட்டு, உள்ளே ஒவ்வொருவராகப் போய்விட்டு வரலாம், போட்டாலும் போடாவிட்டாலும் யாரும் பார்க்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டோம். செலவுக்குப் போக மிச்சமே இருந்தது. மேடையும் இல்லை, சுய அறிமுகமும் இல்லை. எங்கள் கணக்கு ஆசிரியர், அப்போது அவருக்கு எண்பதை ஒட்டிய வயது, ஆறாம் வகுப்பு வரிசைப்படி பெயர்களை வாசிக்க, நாங்கள் 'உள்ளேன் ஐயா' சொன்னோம். வங்கி மேலாளரும் லோடு ஏற்றுபவனும் அந்த வரிசையில் பன்னிரண்டும் பதின்மூன்றும் மட்டுமே. என் நண்பன் எழுந்து நின்று சொன்னான். மற்றவர்கள் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டிருந்தோம். ஆசிரியர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்து, "நீ ஒருத்தன்தாண்டா மரியாதை தெரிஞ்சவன்" என்றார். அதன் பிறகு எல்லோரும் எழுந்து நின்றே சொன்னார்கள்.

நட்பு நிலைக்குமா என்ற உங்கள் முதல் கேள்விக்கு இப்போது வருகிறேன். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடும் விழாவால் மட்டும் நிலைக்காது. அந்த விழா அறுந்த நூலை முடிச்சுப் போட்டுத் தருகிறது, அவ்வளவே. எங்களைப் பொறுத்தவரை நிலைக்கச் செய்தவை இரண்டு. ஒன்று, மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு உள்ளூரில் இருப்பவர்கள் ஒரு டீக்கடையில் கூடுவது. நான்கு பேர் வந்தாலும் சரி, பதினைந்து பேர் வந்தாலும் சரி, நாளும் இடமும் மாறுவதில்லை, வெளியூர்க்காரர்களுக்கும் அது தெரியும் என்பதால் ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமும் சொல்லாமல் வந்து நிற்கிறார்கள். இரண்டு, துக்க வீடு. யார் வீட்டில் இறப்பு நேர்ந்தாலும் குறைந்தது மூன்று பேர் அன்றே நேரில் போவது என்று பேசி வைத்துக்கொண்டோம். கல்யாணத்துக்குப் போவதைவிட இதற்குப் போவதில்தான் உறவு இறுகுகிறது என்பது என் அனுபவம். என் தந்தை இறந்தபோது பந்தல் போட ஆள் பார்த்ததும், இரவு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து விழித்திருந்ததும் பிளஸ் டூ படிக்காத இருவர்.

கெடுத்தவையும் உண்டு. எங்களுள் ஒருவர் குழுவில் இருந்தவர்களிடமே வீட்டுமனை விற்க, பட்டா சரியில்லாமல் இருவர் பணத்தை இழந்தார்கள். மூவரும் இன்று வரை ஒரே பந்தியில் உட்காருவதில்லை. அதன் பிறகு சீட்டு, காப்பீடு, மனை எதையும் குழுவுக்குள் பேசக் கூடாது என்று முடிவு செய்தோம். வாட்ஸ்அப் குழுவில் கட்சிச் செய்திகளையும் சாதித் தலைவர்களின் பிறந்தநாள் சுவரொட்டிகளையும் தடுத்தோம். தொண்ணூறுகளில் தென்மாவட்டங்களில் நடந்த மோதல்களைப் பார்த்த எங்கள் தலைமுறையில், ஒரு படத்தால் ஒருவர் சத்தமில்லாமல் வெளியேறிவிடுவார் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. காலை வணக்கப் படங்களை மட்டும் எங்களால் ஒழிக்க முடியவில்லை. அவற்றை அனுப்புகிறவர் இரண்டு நாள் அனுப்பாவிட்டால் உடனே தொலைபேசியில் விசாரிக்கிறோம் என்பதால், ஒழிக்காமல் விட்டதும் நல்லதாகவே போயிற்று.

நீங்கள் தொடங்குவதானால் முதலில் தலைமையாசிரியருக்கு, இன்ன ஆண்டு இன்ன வகுப்பின் பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கடிதம் கொடுங்கள். ஜனவரிக்குள் கொடுத்துவிடுங்கள், மார்ச் ஏப்ரலில் பொதுத்தேர்வு, மே மாதம் விடுமுறை, ஜூனில் சேர்க்கை என்று அவருக்கு உங்களைப் பார்க்கவே நேரம் இருக்காது. போகும்போது ஒரு நோட்டும் இரண்டு பேனாவும், கண்ணாடி அணிபவரானால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். அந்த நீல மை மிகவும் வெளிறிப் போயிருக்கும்.