ஊசி நின்றது, ஆசை எப்போது திரும்பும்?

கேள்வி: வயது 67. புரோஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்சிகிச்சை முடிந்தது. கூடவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை வயிற்றில் ஹார்மோன் ஊசி, ஒன்றரை வருடம். கடைசி ஊசி ஜனவரியில். ஆகஸ்டு ரத்தப் பரிசோதனையில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் 3.1, புரோஸ்டேட் நோயைக் கண்காணிக்கப் பார்க்கும் பிஎஸ்ஏ புரதம் 0.1. ஆசையும் இல்லை, விறைப்பும் இல்லை. சர்க்கரை உண்டு. நண்பர், ஆண்மைக்கு நல்லது என்று விற்கும் தோங்காட் அலி மூலிகைக் காப்பி தந்திருக்கிறார், குடிக்கலாமா?
- பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: நாள் கணக்கை ஏப்ரலிலிருந்து தொடங்குங்கள். ஜனவரியில் போட்ட மூன்று மாத ஊசி ஏப்ரல் வரையாவது வேலை செய்யும். டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும்படி விதைகளுக்குக் கட்டளையிடுவது மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி. ஊசி உறங்க வைத்த அந்தச் சுரப்பி அதற்குப் பிறகுதான் விழிக்கும். ஆகஸ்டில் உங்களுக்கு ஆகியிருந்தது நான்கு மாதம்தான்.

3.1 மோசமில்லை. ஊசியின் பிடியில் இருப்பவருக்கு லிட்டருக்கு 1.7 நானோமோலுக்குக் கீழே கிடக்கும். நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். இயல்பான அளவு ஏறக்குறைய 8 முதல் 30. ஆறு மாதத்தோடு ஊசியை நிறுத்தியவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் ஏறிவிடும். நீண்ட காலம் போட்டு, 65ஐயும் தாண்டியவர்களுக்கு ஓரிரு வருடம் பிடிக்கலாம். சிலருக்குப் பழைய அளவு வருவதே இல்லை. சர்க்கரையும் தொப்பையும் இருந்தால் இன்னும் மெதுவாகும்.

அடுத்த பரிசோதனையை மூன்று மாதம் கழித்து, காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் எடுங்கள். மத்தியானம் எடுத்தால் இயல்பாகவே குறைத்துக் காட்டும். விதைகளைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான எல்ஹெச் அளவையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டும் குறைவென்றால் பிட்யூட்டரி இன்னும் விழிக்கவில்லை, பொறுக்கலாம். எல்ஹெச் உயர்ந்தும் டெஸ்டோஸ்டிரோன் ஏறவில்லை என்றால் விதைகளே தளர்ந்துவிட்டன; காத்திருந்து பயனில்லை. டெஸ்டோஸ்டிரோன் ஏறும்போது பிஎஸ்ஏ சற்றுக் கூடும், பதற வேண்டாம். கதிர்சிகிச்சைக்குப் பின் எட்டிய மிகக் குறைந்த அளவைவிட 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகக் கொள்வது வழக்கம்.

விறைப்பு வேறு கதை. ஆசைக்கு டெஸ்டோஸ்டிரோன் வேண்டும். விறைப்புக்கு அதோடு ரத்தக்குழாயும் நரம்பும் வேண்டும். கதிரும் சர்க்கரையும் அவற்றைத்தான் மெல்ல மெல்லக் கெடுக்கின்றன. மாதக்கணக்கில் விறைப்பே இல்லாமல் போனால் உறுப்பின் தசை இறுகிச் சுருங்கும். ஆகவே ஹார்மோன் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், தினம் 5 மில்லிகிராம் தடாலாஃபில் அல்லது தேவைப்படும்போது 50 மில்லிகிராம் சில்டெனாஃபில் சரிப்படுமா என்று இப்போதே மருத்துவரிடம் கேளுங்கள். சில்டெனாஃபிலை ஒரு மணி நேரம் முன்பு, வயிறு காலியாக இருக்கும்போது போட வேண்டும். கொழுப்பு மிகுந்த நாசி கண்டார் சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டுப் போட்டால் வேலை செய்ய வெகுநேரமாகும். மாத்திரை ஆசையைத் தராது, தொடுதலும் வேண்டும். ஓரிரு முறை பலிக்காததை வைத்து முடிவுகட்டாதீர்கள். மாத்திரை உதவாதவர்களுக்கு வெற்றிடப் பம்பு இருக்கிறது. விறைப்பு நிற்க உறுப்பின் அடியில் மாட்டும் அதன் வளையத்தை 30 நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது.

நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் இந்த மருந்துகளைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். சிறுநீருக்கு டாம்சுலோசின் எடுத்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இதனால்தான் அந்தக் காப்பி வேண்டாம் என்கிறோம். இப்படி விற்ற காப்பித் தூள்களில் சில்டெனாஃபிலும் தடாலாஃபிலும் சொல்லாமல் கலந்திருந்ததை மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. எவ்வளவு கலந்தது என்று யாருக்குத் தெரியும்? டெஸ்டோஸ்டிரோனை ஏற்றலாமா என்பதும் உங்கள் புற்றுநோய் மருத்துவர் முடிவுசெய்ய வேண்டியது. நண்பர் கோபித்தாலும் பரவாயில்லை.

கேள்வி: கணவருக்கு வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் சிகிச்சை முடிந்தது. என் அருகிலேயே வரப் பயப்படுகிறார். எனக்கு ஏதும் ஒட்டுமா?
- வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: ஒட்டாது. புற்றுநோய் தொற்றுவதில்லை, அந்தச் சிகிச்சையில் உடலில் கதிர் தங்குவதுமில்லை. கதிர்மணிகளை உள்ளே பதித்திருந்தால் மட்டும் முதல் சில முறை ஆணுறை போடச் சொல்வார்கள். விந்து குறைந்தோ அறவே வராமலோ இருக்கலாம், உச்சம் வரும். விறைப்பு இல்லாமலும் உச்சம் வரும் என்பதை அவரிடம் சொல்லுங்கள். பல ஆண்களுக்கு இது தெரியாது.